சூசையின் பஞ்சுமிட்டாய் மெஷின்

“ரிசப்ஷன்ல என் தம்பிதான் பஞ்சுமிட்டாய் சுத்திக் குடுக்க—”

“நிறுத்துடி! சாக்லேட் ஃபவுண்டன் புக் பண்ணியாச்சு. சம்பந்தி எதிர்ல உன் தம்பி திருவிழாக் கடை போடுவானா?”

ரெஜினா அப்பாவுக்கு,

பதில் சொல்லவிடாமல் குளிக்கப் போய்விட்டீர்கள். அதனால் எழுதி வைத்துவிட்டு, ரவிக்கை வாங்கச் சிதம்பரம் போகிறேன். குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. அப்பளம் நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கை ஓடவில்லை.

ரெஜினாவின் ஞானஸ்நானத்தன்று என் தம்பி சூசை என்ன சொன்னான்? “இவ கல்யாணத்துக்கு மாமன் சீரு என் மெஷின்தான். வர்றவங்களுக்கெல்லாம் நானே சுத்திக் குடுப்பேன்.” “குடு மச்சான்” என்று தோளில் தட்டியது யார்? நீங்கள்தானே!

உங்கள் சாக்லேட் கொட்டட்டும், நான் தடுக்கவில்லை. பக்கத்தில் அவனுக்கு ஒரு மூலை கூடவா கிடையாது?

மெஷினை மண்டபத்தில் எங்கே வைப்பது என்று கேட்க, பதினோரு மணிக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து உங்களைப் பார்க்க வருகிறான். வேண்டாம் என்பதை அவன் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

சர்க்கரை மாத்திரை டிவி மேல் இருக்கிறது. மறக்காதீர்கள்.

நீங்கள் குளிக்கும்போதே போன் செய்துவிட்டான்:

“அக்கா, மெஷினுக்கு ரோஸ் பெயின்ட் அடிச்சிட்டேன். மாமாவுக்குப் புடிக்குமா?”