வீட்டில் இருக்கும் அந்தப் பெண்

நெருப்பெரிச்சல், திருப்பூர்
ஞாயிறு மதியம்

அன்புத் தங்கை சத்யப்பிரியாவுக்கு அக்கா சித்ரா எழுதுவது.

மைசூரில் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுத வந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கோபப்படுவாய். நான் ஃபோனை எடுத்தாலே உன் மாமா என்னை முறைக்கிறார். அதனால் மொட்டை மாடியில், துவைத்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த உறைக்குள் அவருக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. முதலில் இதைப் படி.

தை மாதம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, இது டூப்ளிகேட் என்றார். நான் சிரித்துவிட்டேன். காதர்பேட்டையில் இத்தனை காலம் பனியன் வியாபாரம் செய்கிறவர். எது ஒரிஜினல், எது லேபிள் மாற்றித் தைத்தது என்று துணியைத் தொட்டே சொல்கிறவர். அவருக்கு உப்பு குறைந்த சாம்பாரும் டூப்ளிகேட், என் கொழுந்தன் அருள்செல்வன் வாங்கிய காரும் டூப்ளிகேட். இதுவும் அவருடைய வழக்கமான கேலி என்று வீடே சிரித்தது. மாசி முழுக்கச் சிரித்தோம்.

பிறகு ராத்திரியில் வீட்டில் படுப்பதை நிறுத்தினார். குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொண்டார். எங்களுக்குள் சண்டை என்று அருள்செல்வன் முடிவுகட்டி, சொந்தத்தில் பெரியவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தான். அவர்கள் முன்னால் உன் மாமா என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஏனுங்க, உங்களப் பார்த்தா நல்ல குடும்பத்துப் பொண்ணாட்டந்தான் தெரியுதுங்க. எங்க ஊட்டுக்காரி வந்து பார்த்தா மனசு ஒடஞ்சு போயிருவா. நீங்க உங்க ஊட்டுக்குப் போயிருங்க."

அவர் குடோனில் படுத்தது கோபத்தில் இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. முன்பின் தெரியாத பெண்ணோடு ஒரே கூரையின் கீழ் தங்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று என்னிடமிருந்தே ஒதுங்கிப் படுத்திருக்கிறார் பிரியா. இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழுவேன்?

டாக்டர்களிடம் அலைந்தோம். முதலில் பார்த்தவர் தூக்கம் போதவில்லை என்றார். அடுத்தவர், என் நடத்தையில் அவருக்குச் சந்தேகமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சந்தேக நோய் என்று எழுதிவிட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. நான் இல்லையே என்பதுதான் அவருடைய துக்கம்.

கோவையில் பார்த்த டாக்டரம்மாதான் பொறுமையாகக் கேட்டார். கண்ணுக்கு முகம் அடையாளம் தெரிகிறதாம். நம்மவர் என்று மனசு சொல்வதுதான் நின்றுபோகிறதாம். இதற்கு வெளிநாட்டு டாக்டர் ஒருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை. அதுவும் அறிகுறிக்கு வைத்த பெயர்தான், இன்ன நோய் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்றார். மனச்சிதைவிலும் இது வருமாம், மறதி நோயிலும் வருமாம், மூளையில் வேறு கோளாறு இருந்தாலும் வருமாம். ரத்தம், ஸ்கேன் பார்த்து, எவ்வளவு காலமாக இருக்கிறது, கூட என்னென்ன மாறியிருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டுமாம். நோயின் பெயர் எழுதும் இடத்தில் இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி போட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். யார் கையால் கொடுப்பது? என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. அருள்செல்வனும் இந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டான் என்று அவனிடமும் வாங்குவதில்லை. இந்த மாதமும் மாத்திரை உள்ளே போகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அங்கே அவரை விட்டுவிட்டு வந்தால், என்னைக் கடத்திக்கொண்டுபோனதாக அவர் நம்பும் கூட்டமே தன்னையும் அடைத்துவிட்டது என்று நினைப்பார். அதன் பிறகு அவர் யாரை நம்புவார்?

போன வாரம் கல்யாண ஃபோட்டோவை எடுத்துக்கொண்டு, மனைவியைக் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். அங்கிருந்தவர் ஃபோட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடையாளம் கேட்டதற்கு, சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும், கோபம் வந்தால் அடுப்படியில் பாத்திரம் உருளும் என்று இவர் சொல்லிக்கொண்டே போனார். என்னைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தேன். குழி விழுந்தது. ஆனால் சிரிப்பது யார் என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஃபோனில் மட்டும் என் குரலை நம்பிக்கொண்டிருந்தார். கடைவீதியிலிருந்து கூப்பிட்டால், எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று அழுவார். ஒருநாள் மாடியில் நின்று பேசும்போது படியேறி வந்துவிட்டார். அவ ஃபோனையும் புடுங்கிட்டீங்களா என்று கேட்டார். அதோடு அந்த வழியும் அடைபட்டது. மிச்சம் இருப்பது என் கையெழுத்துதான். குடோன் பெட்டிகளில் நான் எழுதிய சைஸ் நம்பர்களை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதனால் அந்தக் கடிதத்தை மைசூரிலிருந்து தபாலில் போடு. இங்கே போட்டால் முத்திரையைப் பார்த்துவிடுவார். பொய் சொல்லி அவர் நினைப்பை வளர்க்காதீர்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருக்கிறார். முடிந்தவரை பொய்யில்லாமல்தான் எழுதியிருக்கிறேன், நீயே படித்துப் பார். ஹாஸ்டலில் இருக்கும் மகள் வர்ஷினிக்குப் பரீட்சை முடியட்டும், அவளிடம் நானே சொல்கிறேன்.

உன் அக்கா,
சித்ராதேவி


என் உயிரான உங்களுக்கு, சித்ரா எழுதுவது.

நான் உயிரோடு இருக்கிறேன். என்னை யாரும் அடித்துத் துன்புறுத்தவில்லை. உங்களை விட்டு நானாக எங்கும் போகவில்லை, இதை மட்டும் நம்புங்கள். உங்களிடம் வரும் வழிதான் தெரியவில்லை. தேடிக்கொண்டே இருக்கிறேன்.

குடோனில் படுக்காதீர்கள். ஆடிக் காற்று உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்குள் வந்து படுத்தால் நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன்.

வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். கெட்டவள் இல்லை. அவள் தருகிற மாத்திரையை உங்களுக்குக் கொடுக்கச் சொன்னது நான்தான். தட்டாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அதைச் சாப்பிட்டால்தான் நான் திரும்பி வர முடியும்.

சிவன்மலை முருகன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வந்து சேரும்வரை அவளை வெளியே போகச் சொல்லாதீர்கள். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை.

என்றும் உங்கள்,
சித்ரா