பாத்ரூம் வாசலில் நீங்கள் முணுமுணுத்தது

இஞ்சாருங்கோ, என் உயிரானவரே,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவுச் செபத்துக்கு வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மோர்னிங்சைட்டிலிருந்து உங்கள் அண்ணரும் மச்சாளும், செபமாலைக்கு வருகிற பெண்கள் நால்வர், பங்குச் சாமியார், நம் மகள் ஜெனி, மருமகன், நான். வழக்கம்போல எல்லோரையும் கொப்பியில் எழுதினேன். அவர்கள் வீட்டு நன்மை தீமைக்கு நானும் போகவேண்டும் அல்லவா? கடைசியாக ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பெயர் தெரியாததால் அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

கதிரைகள் இருக்க, சப்பாத்துப் போடும் குட்டி ஸ்டூலை இழுத்து என் எதிரே இருந்தார். ஒரு வார்த்தை இல்லை. நம்மவர்கள் என்றால் வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுவார்கள். வந்தவர்தானே முதலில் பேசவேண்டும் என்று நானும் வாய் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, தேத்தண்ணி ஆறிப்போனது.

மச்சாள் என் காதுக்குள் வந்தார். "உவ ஆரடி? தம்பிக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"எனக்கென்னக்கா தெரியும்?"

"எழும்பிப் போற எண்ணமும் இல்லைப்போல கிடக்கு."

என் நெஞ்சிலும் அதே கேள்விதான், ஒளிப்பானேன்? பொறுக்கமுடியாமல், "யூ நோ மை ஹஸ்பண்ட்?" என்று வெடுக்கென்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவர்போல அவர் அழத் தொடங்கினார்.

மிச்சத்தை ஜெனிதான் தமிழில் சொன்னாள். பெயர் நவோமியாம். யூதர்களின் செபக்கூடத்தில் நீங்கள் துப்புரவு வேலை பார்த்தீர்கள் அல்லவா, அங்கே அவருடைய தகப்பன் தினமும் வருவாராம். அவர் இறந்தபோது நீங்கள் துக்கவீட்டுக்குப் போய், துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக்கூடாது என்ற அவர்கள் வழக்கப்படி சும்மா இருந்தீர்களாம். அதை மறக்காமல்தான் வந்திருக்கிறார். எனக்கு ஏன் அதைச் சொல்லவில்லை?

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "இவர் பாத்ரூமால வந்து கையைக் கழுவிப்போட்டு, வாசல்ல நிண்டு வாய்க்குள்ள என்னவோ சொல்லுறவர். கேட்டா ஒண்டுமில்லை எண்டுவார். அவையின்ர மந்திரமோ? மதம் மாத்திப்போட்டினமோ எண்டு கேள் பிள்ளை."

"அம்மா! அப்பிடிக் கேக்கேலாது. இட்ஸ் ரூட்."

"கேள்."

ஜெனி கேட்க, நவோமி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். பதிலை ஜெனி சொன்னாள். "மாறவெண்டு வாற ஆக்களையே தாங்கள் லேசில சேர்க்கிறேல்லையாம் அம்மா."

நீங்கள் முணுமுணுத்தது ஒரு நன்றிச் செபமாம். உடம்பில் திறக்கவேண்டியவை திறந்து, மூடவேண்டியவை மூடியிருப்பதற்கு, பாத்ரூமுக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சொல்வதாம். ஒரு தோடம்பழத்துக்கும், வானவில்லுக்கும்கூடத் தனித்தனி நன்றி உண்டாம். எதையும் சின்னது என்று கடந்துபோகக் கூடாது என்பது அவர்கள் படிப்பினை. சிறுநீரகம் பழுதாகியிருந்த அந்தத் தகப்பனிடம் நீங்கள் கேட்டறிந்து, "என் ஆண்டவரிடம் தமிழில் சொல்கிறேன்" என்றீர்களாம்.

பிறகு நவோமி சொன்னதை ஜெனி உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் அதட்டினேன்.

"அப்பாவுக்கும் யூரின் போறது கஷ்டம் எண்டு அவவின்ர டாடிக்குச் சொன்னவராம். அது போன வின்டராம். உங்களுக்குத் தெரியும் எண்டுதான் அவ நினைச்சவவாம்."

கோடையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதுதானே நான் அறிந்தேன்? அதுவரை உங்கள் முணுமுணுப்பைக் கேட்டு, பேய்பிசாசோ என்று பயந்து அந்த வாசலில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் பார்த்தும் பேசாமல் இருந்தீர்கள். போன ஒவ்வொரு முறைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொன்னவர், போகாத முறைகளை யாரிடம் சொன்னீர்கள்?

என்னைக் கவலைப்படுத்தக் கூடாது என்று மறைத்தீர்கள் என்கிறார்கள் எல்லோரும். நான் நம்பவில்லை. அப்போது நாள் குறித்திருந்த ஜெனியின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டீர்களோ? டொக்டரிடம் இழுத்துப்போவேன் என்று பயந்தீர்களோ? இன்னும் என்னென்ன மறைத்தீர்கள்?

ஆனாலும் அந்தச் செபம் எனக்குப் பிடித்துவிட்டது. சாமியாரிடம் கேட்டேன். "நன்றி சொல்லுறதில என்ன பிழை?" என்றார். இப்போது நானும் சொல்கிறேன். வாய்க்குள் அல்ல, சமையலறையில் நிற்கும் ஜெனிக்குக் கேட்கும்படி. "அம்மா ப்ளீஸ், அவர் நிக்கிறார்" என்று மருமகனைக் காட்டி வெட்கப்படுகிறாள். வெட்கப்படட்டும். ஒருநாள் என் சத்தம் வராவிட்டால் ஏனென்று கேட்பாள். சாகும்வரை சத்தமாகத்தான் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நோவு எப்போது தொடங்கியது? ஏன் என்னிடம் சொல்லவில்லை? கனவிலென்றாலும் வந்து சொல்லுங்கோ. கெதியாப் பதில் வேணும்.

உங்கள் மனைவி, ஜெனியின் அம்மா,
பிலோமினா