ஜனாதிபதிக்குக் கொடுத்த ஐஸ் டீ

மார்ச் 7, செவ்வாய்

இன்றைய தண்ணீர் டீ நிறம். நேற்று காபி நிறம். முன்னேற்றம் என்றே எழுதிவைக்கிறேன். காலையில் குழாயைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் நிறம் சற்று இறங்கும்; இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்றம் மட்டும் இறங்காது. அழுகிய முட்டையோடு துருப்பிடித்த ஆணிகளை வேகவைத்த நாற்றம்.

அலோன்சோ பத்து மணிக்கே திரும்பிவிட்டான். என் தம்பி, சிறுநீரகம் இரண்டும் போய் நான்கு வருடம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இன்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டதாம். இரத்தத்தைக் கழுவுகிற இயந்திரத்துக்கே எங்கள் தண்ணீர் குமட்டுகிறது. கையில் ஒரு காகிதமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்: ஜூன் முப்பதுக்குள் ஊர்த் தண்ணீர் சரியாகாவிட்டால் மையம் மூடப்படும். அடுத்த மையம் எழுபது மைல்.

"படிச்சிட்டியா டீச்சர்?" என்றான். ஊரே என்னை டீச்சர் என்கிறது; கூடப்பிறந்தவனும் விதிவிலக்கல்ல.

"படிச்சேன்."

"அப்ப ரெண்டு முட்டை பொரிச்சுக் குடு. பசிக்குது."

மார்ச் 12, ஞாயிறு

ஆராதனை முடிவில் பாஸ்டர் டிஸ்டேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அறிவித்தார்: ஏப்ரல் 9 அன்று ஜனாதிபதி நம் சபைக்கு வந்து நம்மோடு ஆராதிக்கிறார்.

தேர்தல் வருடம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை இவர்களுக்கு எங்களைப் போன்ற கறுப்பர்களின் பாட்டைக் கேட்கவேண்டும் என்ற தாகம் வந்துவிடுகிறது. ஏப்ரல் 9 குருத்தோலை ஞாயிறு. தேதி குறித்தவர்கள் வேதாகமம் படித்திருக்க வாய்ப்பில்லை. படித்திருந்தால், ஞாயிறன்று இயேசுவை ஓலை பிடித்து வரவேற்ற அதே கூட்டம் வெள்ளிக்கிழமை அவரைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கத்தியது தெரிந்திருக்கும்.

மார்ச் 15, புதன்

வேதபாட வகுப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் முழுக்க விவாதம்.

முன்னேற்பாடு செய்ய வாஷிங்டனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வான நீலத்தில் கோட்டு, பனியில் வைத்து எடுத்த சிரிப்பு. சபையிலிருந்து ஒருவர் ஜனாதிபதியிடம் ஒரு கேள்வி கேட்கலாம், இரண்டு வாக்கியத்துக்கு மிகாமல், என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன கேட்பது? முப்பத்தொரு வருடம் குடிமையியல் நடத்தியவள், பள்ளிக்கு விவாதக் கோப்பைகள் வாங்கித் தந்தவள் என்பதால் என்னைத் தலைமை நாற்காலியில் உட்கார்த்திவைத்தார்கள். வழக்கப்படி பலகையில் தலைப்பை எழுதினேன்: கறுப்புக் குடிமக்களுக்கு ஜனாதிபதி எதற்காவது கடமைப்பட்டவரா?

முதலில் எழுந்தவர் முடிவெட்டும் ஹோசியா. வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டுப் போடாதவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுத்தக்காரர்.

"சும்மா குடுத்த ஓட்டுக்கு எவன் கடமைப்படுவான்? நூத்துக்குத் தொண்ணூத்தினாலு பேரு கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்க. எப்பவும் வீட்டோட கெடக்கிற பொண்டாட்டிக்கு எவனாவது பூ வாங்கிட்டு வர்றானா?"

"அதான் உன் பொண்டாட்டி வீட்டோட கெடக்காம போயிட்டா, ஹோசியா" என்றாள் லூவீனியா. உபசரிப்புக் குழுவின் தலைவி, இருபத்திரண்டு வருடமாக. கூடம் சிரித்து ஓய இரண்டு நிமிடம் ஆயிற்று.

பாஸ்டர் இரண்டு கைகளையும் விரித்தார். "அவர் எல்லாருக்கும் ஜனாதிபதிம்மா. நமக்குன்னு தனியா ஏதாவது செஞ்சா மத்தவங்க சும்மா விடுவாங்களா?"

அலோன்சோ பின்வரிசையில் இருந்தான். எழும்போது முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"பதினெட்டு வயசுலேருந்து ஒரு தேர்தலை விட்டதில்லை பாஸ்டர். போன தடவை டயாலிசிஸ் கட்டோட அஞ்சு மணி நேரம் வரிசையில நின்னேன். எனக்கு நிலம் வேணாம். சிலை வேணாம். யார் பேர்லயும் லீவு நாள் வேணாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வருது பாருங்க, அதே தண்ணி. அதை அவர் குடுக்கணும். குடுத்தா நல்லது இல்ல. குடுக்கணும்."

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையர்களுக்குத் தனி நீர்வாரியம், தனிக் கிணறு. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கச் சொன்ன வருடம் தண்ணீரைப் பிரித்துக்கொண்டார்கள். ஜனாதிபதி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

கைதூக்கச் சொன்னேன். கேள்வியை அலோன்சோ கேட்பதென்று முடிவாயிற்று. ஹோசியாவும் கை தூக்கினார். அவர் போட்ட முதல் ஓட்டு.

மார்ச் 16, வியாழன்

"எல்லாருக்கும் ஜனாதிபதி." முப்பத்தொரு வருடம் இதைப் பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான்.

மார்ச் 24, வெள்ளி

அலோன்சோவும் நானும் எழுதி அனுப்பியது: "எங்கள் குழாயில் வருவதை இயந்திரம்கூட ஏற்க மறுக்கிறது. ஜூனுக்குள் அதைச் சரிசெய்யும் ஆணையில் கையெழுத்துப் போடுவீர்களா?"

நீலக் கோட்டு திருப்பி அனுப்பியது: "எங்கள் சமூகம் அடிப்படை வசதிகளில் ஆர்வமாக உள்ளது. வருங்காலத்தைப் பற்றிய உங்கள் கனவைப் பகிர்ந்துகொள்வீர்களா?"

குழாய் போய்விட்டது. ஜூன் போய்விட்டது. கையெழுத்து கனவாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இப்படி எழுதியவனுக்கு நான் மதிப்பெண் போடாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

"விடு டீச்சர். அவங்க காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு நம்ம கேள்வியைக் கேட்டுடுறேன்" என்றான் அலோன்சோ. கண்ணாடி முன் நின்று பழகுகிறான். மூன்றாம் தடவை கேட்டபோது எனக்கே கையெழுத்துப் போடவேண்டும்போல் இருந்தது.

ஏப்ரல் 8, சனி

நாள் முழுக்கத் தேய்த்தோம். லூவீனியா வினிகரும் சோடாவும் வாளிவாளியாகக் கொண்டுவந்திருந்தாள். கழிப்பறை, சமையலறைத் தொட்டி, ஞானஸ்நானத் தொட்டியின் படிகள் எல்லாவற்றிலும் வருடக்கணக்கான பழுப்பு. பக்கத்து ஊரிலிருந்து நாற்பது பெட்டி பாட்டில் தண்ணீர் வந்து இறங்கியது. சமையலுக்கு அது, ஐஸுக்கு அது, டீக்கு அது.

"அந்த மூலையைப் பாருடி ஐடெல்லா. விருந்தாளி கண்ணுல பட்டா என்ன நினைப்பாங்க? இவங்களுக்குச் சுத்தமே தெரியாதுன்னு அவங்களுக்கு ஏற்கெனவே ஒரு நெனப்பு."

ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள் லூவீனியா ஒருத்திதான். மூலையையும் தேய்த்தேன். பெரிய மனிதர்கள் வரும் நாளில் நம் வீட்டில் ஒரு கறை இருக்கக்கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. சமையலறைத் தொட்டியின் அசல் நிறம் வெள்ளை என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலை ஞாயிறன்று இயேசு வந்தது கழுதைமேல்; இவருக்குக் கழுதை கிடைக்கவில்லை போலிருக்கிறது. பதினொரு கறுப்புக் கார்களில் வந்தார்.

பாடகர் குழுவோடு சேர்ந்து கைதட்டினார். தாளத்துக்குச் சற்றுப் பின்னால், ஆனால் மனம் தளராமல். பிறகு அலோன்சோவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சாம்பல்நிறக் கோட்டில் எழுந்து நின்றான். உள்ளங்கைக்குள் எங்கள் கேள்வி.

ஜனாதிபதி மேடையை விட்டு இறங்கி அவன் பக்கமே நடந்து வந்தார். அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எப்படி இருக்கீங்க ஐயா?"

இந்தச் சபையில் யார் யாரிடம் இதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாலும் அதுதான். அறுபது வருடப் பழக்கம் அவன் வாயிலிருந்து வந்தது.

"கர்த்தர் கிருபையில ஒரு குறையும் இல்லீங்க."

சபை முழுவதும் "ஆமென்" என்றது. நானும் சொன்னேன். ஜனாதிபதி அவன் தோளைத் தட்டி, இந்த விசுவாசம்தான் நாட்டின் பலம் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார். பிராயச்சித்தமாக நான் "தண்ணீர்" என்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆர்கன் ஆரம்பித்துவிட்டது.

கூடத்தில் விருந்து. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. லூவீனியாவின் ஐஸ் டீயை ஒரு பாதுகாப்பு அதிகாரி முதலில் ருசி பார்த்தார். இரண்டாவது குவளையும் கேட்டார். பிறகு ஜனாதிபதி குடித்தார். குவளையை உயர்த்தி, "இந்த மாநிலத்திலேயே இதைவிட நல்ல டீ நான் குடிச்சதில்லை" என்றார். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். டீ தெளிவாக, தேன் நிறத்தில், வெயிலில் மின்னியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குக் காட்ட எங்களிடம் இருந்த ஒரே பொருளைத்தான் நேற்று முழுக்க வினிகர் போட்டுத் தேய்த்தெடுத்திருந்தோம்.

ஏப்ரல் 11, செவ்வாய்

படம் எல்லாப் பத்திரிகையிலும். உயர்த்திய குவளை, பின்னால் கண்கள் ஈரமாக லூவீனியா. தண்ணீரைப் பற்றிக் கேட்ட நிருபரிடம் மாநில அதிகாரி ஒருவர் சொன்னாராம்: "ஜனாதிபதியே குடிச்சாரே. இதுக்கு மேல என்ன பரிசோதனை வேணும்?"

அலோன்சோ இன்றும் பாதி டயாலிசிஸோடு வந்தான். அந்தக் கேள்விக் காகிதம் இன்னும் கோட்டுப் பையில் இருக்கிறது.

ஏப்ரல் 12, புதன்

லூவீனியாவிடம் வாயை விட்டுவிட்டேன்.

"குழாய்த் தண்ணில போட்டிருந்தா உன் ஐஸ் டீ ஒரு வேலையாவது செஞ்சிருக்கும்" என்றேன்.

"வீட்டுக்கு வந்தவனுக்குச் சாக்கடையை ஊத்திக் குடுக்கச் சொல்றியா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கலை."

"நாம தினமும் குடிக்கிறது அதைத்தானே?"

"நாம விருந்தாளி இல்லையே" என்றாள். பிறகு, "நீயுந்தான தேய்ச்ச. மூணு தொட்டி. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

விவாதத்தில் தோற்றால் எதிரணிக்குக் கைகொடுக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கொடுக்காமல் வந்துவிட்டேன்.

மே 19, வெள்ளி

ஜனாதிபதிக்கு நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்குப் பதில். தடித்த, நல்ல காகிதம். ஊரின் உபசரிப்பு அவர் மனதைத் தொட்டதாம். ஐஸ் டீயின் செய்முறையை அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 30, வெள்ளி

மையத்தை மூடிவிட்டார்கள். நர்ஸ்கள் கேக் வெட்டினார்களாம். கேக்குக்கும் பாட்டில் தண்ணீர்தான்.

ஜூலை 20, வியாழன்

டயாலிசிஸுக்குப் போன சபை வேன் நாற்பதாவது மைலில் நின்றுவிட்டது. இரண்டரை மணி நேரம் வெயிலில். அலோன்சோவுக்கு முகமும் காலும் வீங்கி மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டபோது ஒரு பெண் பெயர் கேட்டு, எப்படி இருக்கீங்க என்றும் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"செத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தடவை சரியாச் சொன்னேன் டீச்சர்."

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து அலோன்சோவின் மகள் வந்து அவனைக் கூட்டிப்போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தொப்பி. சாம்பல்நிறக் கோட்டை எடுக்க மறந்துவிட்டான். மறந்தானா?

ஒருவனுக்குப் பிறந்த ஊரில் இருக்க ஒரு வாளி சுத்தத் தண்ணீர் போதும். அது இல்லாமல் போனான். இதை எழுதும்போது எனக்கு வருவது துக்கம் இல்லை. அருவருப்பு. மூன்று தொட்டி தேய்த்த இந்தக் கையின்மேல்.

செப்டம்பர் 5, செவ்வாய்

அலோன்சோ போனில் பேசினான். "இங்க தண்ணி கண்ணாடி மாதிரி வருது டீச்சர். நம்பிக் குடிக்க முடியலை. பத்து நிமிஷம் ஓடவிட்டுத்தான் பிடிக்கிறேன். மவ திட்டுறா."

செப்டம்பர் 27, புதன்

எதிர்க்கட்சி வேட்பாளர் அக்டோபர் 8 அன்று வருகிறார். நம்மோடு ஆராதிக்க. இவருடைய ஆள் பழுப்புக் கோட்டு, சிரிப்பு அதேதான். கேள்விக்கு நேரமில்லையாம், விருந்துக்கு இருக்கிறதாம்.

உபசரிப்புக் குழு கூடியது. கோழி யார், கீரை யார், ரொட்டி யார் என்று லூவீனியா பெயர் எழுதிக்கொண்டே வந்தாள். டீ என்று வந்தபோது, இருபத்திரண்டு வருடமாக அவளுடையதான அந்த வேலைக்கு, நான் கை தூக்கினேன்.

பாஸ்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். லூவீனியா என்னைப் பார்த்தாள். ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் நேராகப் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை. பேனாவைக் கீழே வைத்தாள். அலமாரியைத் திறந்து பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது நன்றாகத் தெரிகிற ஜாடி. என் மடியில் வைத்தாள்.

"சீனி வழக்கம்போல" என்றாள். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி: "குழாயை ஓடவிடாதே. முதல்ல வர்றதையே பிடி."