அந்த நாளின் ஃபில்டர் பேப்பர்

மூன்று தடவை கூப்பிட்டால்தான் ‘ம்’ கொட்டும் என் வீட்டுக்காரருக்கு,

இப்போது எத்தனை தடவை கூப்பிட்டாலும் ‘ம்’ இல்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் ஆபீஸிலேயே எனக்கு வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மொட்டை மாடியில் காற்றை உறிஞ்சுகிற உங்கள் மெஷினுக்குத் தினமும் பேப்பர் மாற்றுவது இனி நான்தான்.

வெள்ளையாக வைக்கிற பேப்பர் மறுநாள் கறுத்துப்போய் வருகிறது. கூடியிருக்கிற எடைதான் ‘மிதக்கும் துகள்’ என்கிறார் உங்களோடு வேலை பார்த்த குப்தாஜி. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தூசி என்றால் பெருக்குவேன், புகை என்றால் ஜன்னலைத் திறப்பேன். இரண்டுக்கும் எப்படி ஒரே பெயர்? கீழே விழாமல் காற்றிலேயே நிற்கிற அளவுக்குச் சின்னதானால் எல்லாம் துகள்தான் என்று சாப்பிடும்போது சொல்வீர்கள். நான் எங்கே கேட்டேன்? குழம்பில் உப்பு சரியா என்றுதானே கேட்டேன்.

போன வாரம் பழைய பேப்பர்களைத் தூக்கிப்போடச் சொன்னார்கள். ஒரு கவரின் மேல் உங்களை எரித்த தேதி இருந்தது. அதை மட்டும் போடாமல் தனியே எடுத்து வைத்தேன். சுடுகாடு ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரம்தானே. அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது?

குப்தாஜியிடமே கேட்டேன். “பாபிஜி, மெஷின் தோல்தா ஹை, நாம் நஹீ பூச்தா” என்றார். எடை போடுமாம், பெயர் கேட்காதாம். பிறகு, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிட்வாய் நகர் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். “அம்மா, இதுல அப்பா இருக்காரா?” என்றாள் நம் வசந்தி. என்னத்தைச் சொல்ல? இருக்கலாம். பஸ் புகையும் இருக்கும், ராஜஸ்தான் மண்ணும் இருக்கும். அன்று நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டு அம்மா அங்கீட்டி அடுப்பில் கரி போட்டு ரொட்டி சுட்டுக் கொடுத்தார், அந்தப் புகையும் இருக்கும். இதில் உங்களை மட்டும் எப்படிப் பிரிப்பேன்?

அவள் விபூதி மாதிரி விரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனாள். “கை படக்கூடாதுடீ, எடை மாறிடும்” என்று கத்திவிட்டேன். அது உங்கள் பேச்சு. இரண்டு பேரும் அழுதோம்.

பேப்பர் பீரோவில் என் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. நீங்கள் அதில் இருக்கிறீர்களா என்று தெரியாமலேதான் வைத்திருக்கிறேன். நாளைக்குரிய பேப்பரை இடுக்கியால்தான் எடுப்பேன், கை படாமல். இது சத்தியம். அதில் யார் வீட்டு மனுஷர் இருக்கிறாரோ.

வசந்தியின் அம்மா,
உங்கள் சரோஜா