உன் அடிக்காக நிறுத்தினேன்

என் சூசை மச்சானுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. வீட்டில் எல்லோரும் சுகம். உன் தங்கை பிலோமினா மட்டும் தேக்கா சந்தையில் இன்னும் உனக்கும் சேர்த்தே மீன் வாங்கி வருகிறாள்.

கோவிலில் இப்போது எல்லாமே தமிழ்தான். மாடியில் நாம் எதிரெதிராக நின்று, என் பக்கம் ஓரடி, உன் பக்கம் ஓரடி என்று லத்தீன் சங்கீதங்களை மாற்றி மாற்றிப் பாடுவோமே, அந்த இடம் காலி. இருபது வருஷத்தில் நீ ஓர் அடியைக்கூடத் தவறவிட்டதில்லை.

தாய்மொழியில் பூசை வைக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்ததும், நம் சாமியார் பாடகர்களைக் கூப்பிட்டார், ஞாயிறு பாடல் பூசையை என்ன செய்யலாம் என்று கேட்க. "மாப்ள, லத்தீன்தான்னு நாம ரெண்டு பேரும் ஒரே பேச்சா நிக்கணும்லா" என்றாய். தலையாட்டினேன்.

மறுநாள் காலை காப்பியை வைத்துவிட்டு பிலோமினா கேட்டாள்: "எங்கம்மா அடக்கத்துல நீங்க ரெண்டு பேரும் பாடுனீங்களே, அம்மாவுக்காக என்னங்க கேட்டீங்க?"

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? தமிழெழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்?

அன்று மாலை கூட்டத்தில் தமிழுக்குக் கை தூக்கினேன். உன் பக்கம் நாலு கை. தமிழ்ப் பக்கம் என் கை ஐந்தாவது.

தூக்கியதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன், மச்சான். நீ கடைசி பெஞ்சுக்குப் போய் வாயை மூடிக்கொண்டாய். வீட்டுக்கு வந்தாலும் தங்கையிடம் மட்டும்தான் பேச்சு. கோபம் ஆறட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். அதற்குள் மாரடைப்பு.

உன் அடக்கப் பூசையும் தமிழில்தான். ஒவ்வொரு சொல்லும் புரிந்து பிலோமினா அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பிடாடாரி கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது, உங்கள் அம்மாவுக்கு நாம் பாடிய அதே லத்தீன் சங்கீதத்தை எடுத்தேன். முதலடியைப் பாடிவிட்டு, பழக்கத்தில் உன் அடிக்காக நிறுத்தினேன்.

யாரும் எடுக்கவில்லை. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியோடு காத்து நின்றார்கள். "ஏன் நிப்பாட்டிட்டீங்க, பாடுங்க" என்று பிலோமினா என் முழங்கையைப் பிடித்தாள். உன் அடியும் எனக்கு மனப்பாடம்தான். பாட வாய் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். வருஷா வருஷம் வருவேன். என் அடியைப் பாடிவிட்டு, உன் அடிக்கு ஆகும் நேரம் நிற்பேன். அடக்கத்தன்று நீ பதில் பாடாமல் இருந்தது, செத்துப் போனதாலா, கோபத்தாலா மச்சான்?

உன் மாப்பிள்ளை,
பிலோமினா வீட்டுக்காரன்
அருளப்பன்