நோன்பு நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு

பாய்,

இன்று காலைப் பேப்பரை முழுக்கப் படித்துவிட்டு விரலைப் பார்த்தேன். ஒரு பொட்டு மை ஒட்டவில்லை. இதெல்லாம் ஒரு பத்திரிகையா? நம் வார இதழ் அப்படியா இருந்தது? அதைக் கையில் எடுத்தவன் காவிரியில் முங்கி எழுந்தால் முக்கொம்பிலிருந்து கல்லணை வரை தண்ணீர் கறுத்துப்போகும். நீங்கள் பாலக்கரை அச்சகத்தில் நின்று "சூசை, புரூஃப் எங்கே?" என்று குரல் கொடுத்தால், ஸ்ரீரங்கத்துக் கோபுரத்துப் புறாக்கள் பறந்து அடங்க அரை நாள் ஆகும்.

திருச்சி முஸ்லிம் மக்களுக்காக நீங்கள் நடத்திய இதழுக்கு ஞானஸ்நானம் பெற்ற நான் அச்சுக்கோர்ப்பவன். ஆசியாக் கண்டத்திலேயே நிகரற்றவன் என்று நானே சொல்லித் திரிந்தேன். நீங்கள் மறுத்ததில்லை, சம்பளத்தையும் உயர்த்தியதில்லை.

ஐம்பதுகளில் ஒரு கோடை ரமலான். ஊரையே பெருக்கிய துப்புரவுத் தொழிலாளர் தெருவுக்கு முனிசிபாலிட்டி குழாய் போடவில்லை. அடுத்த தெருக் குழாயில் குடத்தை வைத்தால் எட்டி உதைத்தார்கள். அந்தத் தெரு அஞ்சலை எல்லாப் பத்திரிகை வாசலிலும் ஏறி இறங்கிவிட்டு, கடைசியாக நம்மிடம் வந்தாள். நீங்கள் செய்தியாகப் போடவில்லை. செய்தி என்றால் மறுநாள் வடை மடித்துவிடுவார்கள் என்றீர்கள்.

நோன்பு நேர அட்டவணையில் போட்டீர்கள். வருடாவருடம் நாம் அச்சடிக்கும் அந்தத் தாள் பள்ளிவாசல், டீக்கடை, அடுப்பங்கரை என்று மாதம் முழுக்கச் சுவரில் இருக்கும். யாரும் கிழிக்க முடியாது. ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பக்கத்தில், அந்தத் தெருவில் ஒரு வீடு தண்ணீருக்கு என்ன பாடுபடுகிறது என்று ஒரே வரி. எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவு எழுத்தில் நான்தான் கோர்த்தேன்.

நம் இதழுக்கு மூச்சே தோல்மண்டி முதலாளியின் விளம்பரம். அவர் தாளோடு வந்து நின்றார்.

"நம்ம சமுதாயப் பேப்பர்னுதானே தர்றேன். அவங்க குழாய்க்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இன்னிக்கு நோன்பு திறக்கறப்ப முதல் வாய் தண்ணி குடிப்பீங்கல்ல, அதைக் குடிச்சுட்டு வந்து கேளுங்க" என்றீர்கள்.

அவர் வரவில்லை. விளம்பரமும் வரவில்லை. பேப்பர் வாங்கக் காசில்லாமல் அடுத்த இதழ் பாதியாகச் சுருங்கியது. இத்தோடு கதை முடிந்தது என்று நான் வேறு அச்சகத்தில் வேலை கேட்டும் வைத்திருந்தேன்.

ஆனால் சுவரில் இருந்த தாள் சும்மா இருக்கவில்லை. தினம் பொழுது சாயும்போது டம்ளரைக் கையில் பிடித்து நேரத்தைப் பார்க்கிற ஜனம் அந்த வரியையும் பார்த்தது. முதலில் பெண்கள்தான் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். பிறகு ஜமாஅத்தார் குழாய் கேட்கும் மனுவில் கையெழுத்திட்டார்கள். எங்கள் மாதா கோயில் பங்குச் சபையை நான் இழுத்துவந்தேன். அஞ்சலை தெரு முன்னால், நாம் பின்னால் என்று முனிசிபாலிட்டிக்குப் போன கூட்டத்தைக் கண்டு மலைக்கோட்டையே ஓரடி ஒதுங்கி வழிவிட்டது. பெருநாளைக்குள் குழாய் வந்தது.

நம் கடை மூடுகிற நிலையில் இருந்ததைக் கேட்டு அஞ்சலை மறுபடி வந்தாள்.

"விடியறதுக்குள்ள எங்க ஆளுங்க போகாத தெரு இந்த ஊர்ல இல்ல பாய். பேப்பர் கட்டைக் குடுங்க, நாங்க வித்துத் தர்றோம்."

விற்றார்கள். சந்தா இரட்டிப்பானது. முதலாளியும் அடுத்த ரமலானுக்கு விளம்பரத்தோடு வந்தார். நீங்கள் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். பக்கத்து நாற்காலியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் போய் வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நான் மனு எழுதும் சக்கரவர்த்தி. போன வாரம் எங்கள் தெருக்காரர்கள் சாக்கடைக்கு மனு எழுதச் சொன்னார்கள். "இதே சாக்கடை அடுத்த தெருவுலயும் ஓடுதே, அவங்க எங்கப்பா?" என்று பேனாவை மூடிவிட்டேன். கிழவனுக்குத் திமிர் என்று திட்டிக்கொண்டே போனார்கள். இதோ, வாசலில் செருப்புச் சத்தம், நிறையச் செருப்புகள். நாற்காலி போதாது, பாய். எழுந்து பாயை விரிக்க வேண்டும்.