மூடியைக் கழற்றியவர் பெயர்

அன்புத் தம்பி ஹரீஷுக்கு,

ஜார்ஜ்டவுனிலிருந்து அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், லாபுவானில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் காவல் வேலைக்குப் போகிற இடத்தில் தே தாரிக் டீயை விடவில்லை, கேட்டால் "சீனி கொறைச்சுத்தான் போடச் சொன்னேன் லா" என்று சிரிக்கிறார். உன் மெத்தையில் மூட்டைப்பூச்சி என்றாயே, விடுதி வார்டனிடம் சொன்னாயா? கூச்சப்பட்டுச் சும்மா இருக்காதே, அந்தக் கூச்சம் நம் வீட்டில் எனக்கு ஒருத்திக்குப் போதும். அம்மா இருந்திருந்தால் இதையெல்லாம் அவர் சொல்லியிருப்பார். நான் உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள், தெரிந்தமட்டில் அம்மா இடத்திலிருந்து சொல்கிறேன்.

நீ அனுப்பிய ஆங்கிலப் பயிற்சியில் பேசிவ் வாய்ஸை மட்டும் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டாய். செய்தவரை விட்டுவிட்டுச் செய்யப்பட்டதை மட்டும் சொல்வது என்று நீ போனில் விளக்கியபோது எனக்கு ஏறவில்லை, யாரும் செய்யாமல் எது நடக்கும் என்று கேட்டேன். இப்போது புரிந்துவிட்டது, புரிந்த விதம்தான் நன்றாக இல்லை. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். ஆயுத பூஜைக்குப் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் எங்கள் லைனில் எல்லா மிஷினையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கத்தியில் பொட்டு வைக்காவிட்டால் பூஜை நிறைவில்லை என்று வெட்டுகிற பழைய மிஷினின் மூடியை வருஷா வருஷம் கழற்றுவார்கள். இந்த முறை சூப்பர்வைசர் சிவநேசன் அண்ணன் கழற்றினார். சூடம் காட்டிப் பொரிகடலை கொடுத்து முடிந்ததும் பார்த்தால் மூடியை மாட்டுகிற ஸ்க்ரூ ஒன்று எங்கேயோ உருண்டு போய்விட்டது, சரக்கோ அன்றே போயாக வேண்டும். எனக்கும் சேர்த்துத் தோசை கட்டி வரும் ரமணி அக்காதான் அந்த மிஷினில் நிற்பவர். "மூடி இல்லாம எப்படிண்ணே?" என்று கேட்டார். அண்ணன், "சாமி கும்பிட்ட மிஷின் கடிக்குமா? ஓட்டு லா" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அக்காவின் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

பக்கத்தில் நின்றவள் நான் என்பதால் அறிக்கையில் கையெழுத்துப் போட ஆபிசுக்குக் கூப்பிட்டார்கள். தி கவர் வாஸ் ரிமூவ்ட். தி மெஷின் வாஸ் ஸ்டார்டெட். எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூடி கழற்றப்பட்டது, மிஷின் ஓட்டப்பட்டது, ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் அந்தத் தாளில் ஆளே இல்லை. கடைசி வரியில் மட்டும் ஓர் ஆள் வந்தார், ரமணி கவனமில்லாமல் கையை உள்ளே விட்டார் என்று. அந்த வரி நின்றால் அக்காவுக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. வெளியே சிவநேசன் அண்ணன் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், "பேரெல்லாம் வேணாம் பாப்பா, சாமி கும்பிடப் போய் நடந்துருச்சு, அவ்வளவுதான்." இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர், தினமும் பாலம் தாண்டித் தன் காரில் என்னைக் கூட்டிப் போனவர். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கிளார்க் சுஹானா அக்கா, "சீக்கிரம் லா தங்கச்சி, கையெழுத்துத்தானே கேக்குறோம், கல்யாணமா பண்ணிக்கச் சொல்றோம்?" என்றார். பஸ்ஸில் பெல் அடிக்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான், உனக்குத் தெரியும். கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில் மிஸ்டர் சிவநேசன் ரிமூவ்ட் தி கவர், ஹீ டோல்ட் ரமணி டு ஸ்டார்ட் என்று எழுதினேன். வி ஆல் லாஃப்ட், எல்லாரும் சிரித்தோம் என்றும் எழுதினேன், அதுவும் நடந்ததுதானே. அதன் கீழே என் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

ரமணி அக்காவைப் பற்றிய அந்த வரியை இப்போது நீக்கிவிட்டார்கள், சிகிச்சைச் செலவையும் கம்பெனியே பார்க்கிறது. சிவநேசன் அண்ணனை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பாவிடம், "ஒங்க பொண்ணு எழுதினது சரிதாண்ணே. ஆனா இனிமே அத என் கார்ல அனுப்பாதீங்க, அது மொகத்தப் பாக்க என்னால முடியல" என்றார். அவர் போன பிறகு அப்பா, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். இப்போது ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போய் பஸ் பிடிக்கிறேன், விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கிறது, வேறு கஷ்டம் இல்லை.

நீ நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அம்மா உன் கூடவே இருப்பார். வெறும் மெகி மீ நூடுல்ஸில் வயிற்றை ரொப்பாதே. ஒன்று மட்டும் மறக்காதே, லீவுக்கு வரும்போது சிவநேசன் அண்ணனை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், நின்று வணக்கம் சொல். அம்மாவின் பாடையை முன்னால் நின்று தூக்கியவர் அவர். எனக்கு அது இனி முடியாது, நம் வீட்டுக்காக நீ செய்.

உன் அக்கா,
பிரமிளா